லைன் வீடு கட்டலாமுங்களா?

ஈரோட்டுல நாலு காசு சேர்ந்தா, பல பேருக்கு வரிசையா லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுற யோசனை வரும். வீரப்பன்சத்திரம் பக்கம் விசைத்தறி, பெருந்துறையில சிப்காட் தொழிற்பேட்டை. அதனால குடிவர ஆள் உண்டு. தண்ணி வசதியும் வேலைக்குப் போற தூரமும் பார்த்துத்தான் வாடகை தர்றாங்க, டைல்ஸைப் பார்த்து இல்லைங்க.

ஆனா வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துடாதீங்க. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புல இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். வேற மாதிரி ஒப்புக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. பத்து மாசம் கேக்குறவங்க காதுல இது விழுந்தாச் சரி!

இப்படி வர்ற வாடகைக்கு வருமான வரியில ஒரு சலுகையும் உண்டு. வாடகையில கட்டின சொத்து வரி போக, மீதியில 30 சதவீதம் கழிவு. இந்தக் கழிவுக்குச் செலவு பில்லே காட்ட வேண்டாமுங்க.