உறைய ஒரு சூடு, உருக ஒரு சூடு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



அறிவியலைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். ராக்கெட்டைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ராக்கெட் நம்ம வீட்டில் இல்லை. அகார் அகார் இருக்கிறது.

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். அதே 0 டிகிரியில்தான் பனிக்கட்டியும் உருகும். அகார் அகார் அப்படியில்லை. காய்ச்சி இறக்கிய நீர் 40 டிகிரிக்கும் கீழே ஆறிய பிறகே கட்டியாகும். கட்டியானதை மறுபடி உருக்க 40 போதாது. ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். ஏன்?

அகார் மூலக்கூறுகள் நீண்ட நூல் போன்றவை. கொதிநீரில் தனித்தனியே மிதக்கும். ஆறும்போது முறுக்கிக்கொள்ளும், முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலையாகிவிடும். அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. ஒரு பங்கு அகார், 100 பங்கு தண்ணீரை நிறுத்தி வைக்கும்! இந்த நிலைக்குத்தான் ஜெல் என்று பெயர். சேர்ந்துவிட்ட கட்டைப் பிரிக்கத்தான் அவ்வளவு சூடு. சங்கத்தில் சேர்ந்த நம் ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா, என்ன?

"ஸ்டோரில் ரப்பர் பாலுக்கு ஆசிட் விட்டால் உறைகிறதே, அதுவும் இதுதானா சார்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அது வேறு. பாலிலுள்ள நுண்துளிகள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஆசிட் அந்தத் தள்ளலைக் கெடுத்துவிடும், அவை ஒட்டிக்கொள்ளும். ரப்பர் ஷீட்டை எவ்வளவு காய்ச்சினாலும் பால் திரும்பாது. அகார் திரும்பும்.

பொம்பளைப் பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்று கேட்ட ஒரு தகப்பனாருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். 1881-இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துவந்தார். வெயில் ஏறினால் ஜெலட்டின் இளகிவிடும். அவர் மனைவி ஃபேனி, ஜெல்லி செய்ய அகார் பயன்படுத்துகிறவர். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரரிடம் தெரிந்துகொண்டது. அகார் அகார் என்பதே மலாய்ச் சொல்தான். அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். உடம்புச் சூடான 37 டிகிரியிலும் அது அசையவில்லை. 1882-இல் காசநோய்க் கிருமி பற்றி ராபர்ட் காக் எழுதிய கட்டுரையில் அகார் வந்துவிட்டது. அந்த அம்மாள் பெயர் வரவில்லை. இன்றும் ஆஸ்பத்திரிகளில் கிருமி வளர்ப்பது அகார் தட்டில்தான்.

பிள்ளைகளே, இன்றைய விருந்தில் சிவப்பு அகார் அகார் உண்டு. ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கை பொறுக்கும் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். பிறகு, அம்மா பக்கத்தில் இருக்கும்போது, கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பார்த்ததைத் திங்கட்கிழமை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.