நிதிக்கு முன் நாற்காலி: திருப்பூரில் குழந்தைகளுக்காகப் பேசுதல்

(டாக்டர் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பேத்கர் நினைவுநாளில் அவர் வகுத்த சட்டத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று அவர் நடத்திய ஓர் அமைப்பிலிருந்து தொடங்குவோம். 1924இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அடுத்த ஆண்டே அந்தச் சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. இன்றைய பேச்சில் அது ஒரு தொண்டு நிறுவனம். ஆனால் அவர் அதைத் தர்மமாக நடத்தவில்லை. விடுதி நடத்தியவர்தான் 1927இல் மகத் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிள்ளைக்குப் படிப்பு கொடுப்பதும், அந்தப் பிள்ளையின் உரிமைக்காகப் பொதுவில் நிற்பதும் அவருக்கு ஒரே வேலை. திருப்பூரில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. ஏன் பிரிந்தன, எப்படிச் சேர்ப்பது என்பதே நம் பேச்சு.

இந்த ஊரில் சிறுவர் உழைப்புக்குத் தனிப் பெயரே இருந்தது: கைமடி. தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, மடித்து, அடுக்கிய பிள்ளைகள். இன்று ஏற்றுமதிக் கம்பெனி வாசலில் வயதுச் சான்று கேட்கிறார்கள். வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கை வருகிறது. நல்லது. ஆனால் பிசிறு வெட்டும் வேலை ஜாப் ஒர்க்காக லைன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே தணிக்கை வராது. மறுபக்கம் நூற்பாலை விடுதிகள். மூன்றாண்டு முடிந்தால் மொத்தத் தொகை என்று சொல்லி ஊர் ஊராக வளரிளம் பெண்களை அழைத்து வந்த சுமங்கலித் திட்டத்தை நாம் அறிவோம். 2011இல் நெதர்லாந்தின் இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பெண்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்று உலகத்துக்குச் சொன்னது. நமக்கு அது புதிய செய்தி அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது? கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயதுவரை அபாயகரமான வேலைகளை மட்டுமே தடுக்கிறது. எட்டாம் வகுப்புக்கும் 18 வயதுக்கும் இடையில்தான் நம் பிள்ளைகள் ஆலைக்குப் போகிறார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே திருத்தம் அனுமதிக்கிறது. சாதியே தொழிலைத் தீர்மானிக்கும் நாட்டில் குடும்பத் தொழில் என்றால் என்ன பொருள் என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குள்ளும் பிரச்சினை முடியவில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த ஆணை திரும்பியது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்தப் பள்ளியின் சேரிப் பிள்ளைகள் அந்த வாரம் என்ன பாடம் படித்திருப்பார்கள்? எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதற்குக் கட்டம் இருக்கிறது?

இனி நிதி. குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் படிக்கவைத்த தேசியத் திட்டம் 1988இல் வந்தது. அதன் சிறப்புப் பயிற்சி மையங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2021இல் அது சமக்ர சிக்ஷாவில் கரைந்தது. 1098 அழைப்பை எடுத்துவந்த உள்ளூர் அமைப்புகளின் பணி 2023இல் அரசு அலகுகளுக்குப் போனது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்கு நிதியைப் பகிர்வதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவை 20 சதவீதமாகக் குறைத்தது. கிராமத்தில் நடந்து நடந்து விவரம் திரட்டும் பெண்ணின் சம்பளம் இதில்தான் அடிபட்டது.

மிச்சம் இருப்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் தர வேண்டும். வாங்கலாம், தப்பில்லை. கழிப்பறை வரும், ஸ்மார்ட் வகுப்பு வரும். ஆனால் அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அக்கா எந்த ஆலை விடுதியில் இருக்கிறாள் என்று அதே கம்பெனியிடம் கேட்க முடியுமா? நிதி தருபவரை நோக்கிக் கேள்வி கேட்க வேண்டிய ஊரில், நிதியை மட்டும் நம்பிக் குழந்தைக்காகப் பேச முடியாது.

அப்படியானால் நம் வளம் எது? சட்டத்தில் நமக்கென்று போடப்பட்டிருக்கும் நாற்காலிகள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் மூவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருக்க வேண்டும். இருவர் சமூகப் பணியாளர்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982 ஏசியாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமங்கலி விடுதியை இந்தக் குழுவின் மேசைக்குக் கொண்டுபோக அந்தத் தீர்ப்பு போதும். மீட்கப்படும் பிள்ளைக்கு உடனடி நிவாரணம் 30,000 ரூபாய் வரை உண்டு; வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் கீழ் உள்ள மாவட்டக் குழுவிலும் அதிகாரி அல்லாதவர்களுக்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதம். ஷிப்டுக்குப் போகும் தாய் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைத்தால், நேரத்தை மாற்றக் கேட்பதும் குழந்தை உரிமைப் பணிதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியின் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் அந்தக் குழுவில் கேட்க வேண்டியது நாம். இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுமுன் பொதுநலம் கொண்ட எந்தக் குடிமகனும் முன்னிறுத்தலாம். இதற்குப் பதிவு எண் வேண்டாம், நன்கொடை வேண்டாம்.

குழந்தைப் பிரச்சினை என்.ஜி.ஓ. வேலை, இயக்க வேலை அல்ல என்று ஒரு பேச்சு உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. இயக்கம் விலகினால் அந்த நாற்காலியில் ஆலை முதலாளியின் ஆள் உட்காருவான், அல்லது அது காலியாகவே கிடக்கும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். நம் மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கொத்தடிமைக் கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அதில் உள்ள பட்டியல் சாதி உறுப்பினர்கள் யார், கூட்டக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். பதிலோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். காலியாக இருக்கும் இடங்களுக்கு நம் பெயர்களை ஆட்சியரிடம் கொடுப்பதிலிருந்து நம் வேலை தொடங்கட்டும்.