கழிக்கு இடம் விட்ட பூங்கா



பூங்கான்னா நமக்கு ஞாபகம் வர்றது புல்தரை, ஊஞ்சல், விளக்கு. சென்னையில் அடையாறு உப்பங்கழி ஓரம் இருக்கும் தொல்காப்பியப் பூங்கா வேற மாதிரி. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடம் அது. அதையெல்லாம் அள்ளி, தண்ணீர் நிற்கப் பள்ளம் தோண்டி, அலையாத்திச் செடிகளும் நம்ம மண்ணு மரங்களும் நட்டு, 58 ஏக்கரில் 2011-இல் திறந்தார்கள்.

கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிக்கரையில் நினைத்தபடி கட்ட முடியாது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. கழிக்கரையில் அதன் எல்லை முன்பு 100 மீட்டர் வரை இருந்தது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது என்று ஆக்கியது. எல்லை குறைஞ்சா தண்ணீர் குறையுமா? 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள்ளே வந்ததை யாரும் மறக்கலை.

"அனுமதின்னு சொல்லி இழுத்தடிக்கிறாங்க" என்று சலித்துக்கொள்கிறோம். தாமதம் ஆவது உண்மைதான். ஆனா வெள்ளத்துக்கு இடம் விடச் சொல்வதும் அந்த அனுமதிதான்.

அதனால் உங்கள் வார்டில் ஓடை ஓரம் பூங்கா வருதுன்னா, பகுதி சபைக் கூட்டத்தில் மூணு கேள்வி கேளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே நிற்கும்? கரையை மண் கொட்டி மேடாக்குறாங்களா? அனுமதியில் என்ன நிபந்தனை போட்டிருக்காங்க? கிடைத்த பதிலைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை நடக்கும்போது அதை வைத்துக் கேட்கலாம்.