கை தொட்டதும் மனம் நாடியதும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, நீங்களும் அவற்றை ஏற்றுக்கொண்ட பிறகு நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். கணக்குக் கேட்டுக் களைத்திருக்கும் உங்களிடம் இன்னொரு கணக்கைப் பற்றித்தான் பேச இருக்கிறோம். நம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஓர் ஏடு எழுதப்பட்டு வருகிறது. மலக்குகள் எழுதும் ஏட்டைக் குறித்து வெள்ளி மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது இணையத்தளங்கள் எழுதும் ஏட்டைக் குறித்து.

செல்போனில் ஒரு காணொளியைப் பார்த்தால் அதைப் போன்ற பத்துக் காணொளிகள் வரிசையில் வந்து நிற்கின்றன. ஒரு பொருளின் விலையை விசாரித்தால் அப்பொருள் பல நாட்கள் நம்மைப் பின்தொடர்கிறது. இவற்றுக்கெல்லாம் 'உங்களுக்காக' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டாதவையும் நாம் வெறுப்பவையும்கூட அத்தலைப்பின் கீழ் வருகின்றன. 'நான் இப்படிப்பட்டவன் அல்லவே, என்னை ஏன் இப்படி எண்ணுகிறது?' என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பு நியாயமானதே. அதன் காரணத்தைச் சற்று விளங்கிக்கொண்டால், நம் இல்லங்களில் நிகழும் சில அநியாயங்களையும் தவிர்க்கலாம்.

பேரேடு உண்டு, கடைக்காரர் இல்லை

முன்பு நம் கடைத்தெருவில் இருந்த மளிகைக் கடைக்காரர்களைப் பெரியவர்கள் நினைத்துப் பாருங்கள். மாதம் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கும் வீட்டார் ஒருநாள் பத்துக் கிலோ கேட்டால், 'வீட்டில் விசேஷமா பாய்?' என்று கடைக்காரர் கேட்பார். நிக்காஹ் என்று தெரிந்தால் ஏலக்காயும் முந்திரியும் சேர்த்து எடுத்து வைப்பார். மறுமாதம் பழையபடி இரண்டு கிலோவைத்தான் கட்டித் தருவார். அவர் பேரேட்டையும் அறிந்திருந்தார். அதற்கு வெளியே இருந்த மனிதரையும் அறிந்திருந்தார். இணையத்தில் அந்தப் பேரேடு மட்டுமே இருக்கிறது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பவர் அங்கு இல்லை.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1992-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தார், குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களில் படிக்கத் தக்கவற்றைப் பிரித்தெடுக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். முன்னரே படித்தவர்கள் சொன்ன கருத்தைக் கொண்டு பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டுவது அதன் அடிப்படை. நோக்கம் நல்லதே. பிறகு வணிகம் அதைக் கையில் எடுத்தது. அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003-இல் தங்கள் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்களை ஆட்களோடு ஒப்பிடுவதற்குப் பதிலாகப் பொருட்களைப் பொருட்களோடு ஒப்பிடுவதே அம்முறை. நீங்கள் ஒரு பொருளை வாங்கினால், அதை வாங்கிய மற்றவர்கள் வேறு எவற்றை வாங்கினார்கள் என்ற பட்டியல் பார்க்கப்படும். அப்பட்டியலில் பொருள் இருக்கும். வாங்கியதன் காரணம் இருக்காது.

இக்கணிப்பைச் செம்மைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரில் ஒரு போட்டியை அறிவித்தது. 4 இலட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்கு அளித்திருந்த சுமார் 10 கோடி மதிப்பெண்களைப் பெயர்களை நீக்கி வெளியிட்டது. தன் கணிப்பில் உள்ள பிழையை 10 விழுக்காடு குறைத்துத் தருபவருக்கு 10 இலட்சம் டாலர் பரிசு என்றது. உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான அணிகள் முயன்றன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2009 செப்டம்பரில்தான் பரிசு வழங்கப்பட்டது. பத்தில் ஒரு பங்குப் பிழையைக் குறைக்க மூன்று ஆண்டுகள்! வென்ற முறையை முழுமையாக நடைமுறைப்படுத்தவில்லை என்றும், அதற்கு ஆகும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்றும் 2012-இல் அந்நிறுவனமே தெரிவித்தது.

கேட்பதை விட்டார்கள்

அப்போட்டியில் பயன்பட்டவை, மக்கள் தாங்களாகவே அளித்த நட்சத்திர மதிப்பெண்கள். அதாவது, பார்த்தவர்களிடம் கேட்டுப் பெற்ற தீர்ப்பு. காலப்போக்கில் தளங்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டு கவனிப்பதைக் கூட்டிக்கொண்டன. யூடியூப் 2010-இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டது. 2012-இல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதன்மை அளித்தது. கவர்ச்சியான படத்தை முகப்பில் வைத்து ஏமாற்றுவோரைத் தடுக்கவும் அம்மாற்றம் உதவும் என்று கருதினார்கள். நெட்பிளிக்ஸும் 2017-இல் நட்சத்திரங்களை நீக்கியது. ஆக, இன்று நம் வாய்ச்சொல்லைவிட நம் விரலும் கண்ணும் தங்கிய நேரமே பெரும் சாட்சியாகிவிட்டது.

இதில் என்ன பிழை நேர்கிறது? பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதானபோது, புதியதற்கு இணையத்தில் விலை விசாரித்தோம். மோட்டார் வாங்கியாயிற்று, பொருத்தியாயிற்று, ஹவுளில் தண்ணீரும் நிறைந்தாயிற்று. எனினும், அடுத்த ஒரு மாதத்திற்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மோட்டார் விளம்பரமே வந்தது. ஒரு பள்ளிவாசலுக்கு எத்தனை மோட்டார்தான் வேண்டும்!

இது சிரித்துவிட்டுப் போகத் தக்கது. மற்றொன்று அவ்வாறன்று. சிறுநீரக நோயாளிகள் டயாலிசிஸை நிறுத்திவிட்டுத் தம் கஷாயத்தைக் குடித்தால் போதும் என்று ஒருவர் பேசும் காணொளி மஹல்லாவில் பரவியது. அந்தச் சிகிச்சையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மக்களை எச்சரிப்பதற்காக அதை முழுவதும் பார்த்துக் குறிப்பெடுத்தோம். மறுநாள் முதல் அதே போன்ற வைத்தியர்கள் ஒருவர்பின் ஒருவராக நம் செல்போனில் வந்து நின்றார்கள். மறுப்பதற்காகப் பார்த்தவரும் மயங்கிப் பார்த்தவரும் அவ்வேட்டில் ஒருவரே. இருவரும் அதே நிமிடங்களைச் செலவிட்டார்கள். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நிய்யத்தைக் குறித்த பாடம் மதரஸாவில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. அந்தப் பாடத்தைப் படிக்காத மாணவன் இந்த இயந்திரம்.

திருத்தவும் எளிதில் முடிவதில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தானாகவே பதிவு செய்து வைக்கும் டிவோ என்னும் கருவி அமெரிக்காவில் புழங்கிய காலம். தம்மைப் பற்றி அது தவறான முடிவுக்கு வந்துவிட்டதாக எண்ணிய ஒருவர், அதை மாற்றுவதற்காகப் போர்ப் படங்களாகத் தேடிப் பதிவு செய்தார். கருவியோ அவரை ஹிட்லர் ஆட்சியில் நாட்டம் உள்ளவர் என்று கருதி, நாஜித் தலைவர்களைப் பற்றிய ஆவணப்படங்களைக் கொண்டுவந்து குவித்தது. 2002 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதைக் கட்டுரையாக வெளியிட்டது. இயந்திரத்துக்குத் தன்னை விளக்கப் புகுந்தவர் வேறொரு வேடத்தில் அகப்பட்டுக்கொண்டார்.

இப்போது 'வேண்டாம்' என்று சொல்லப் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். மொசில்லா அறக்கட்டளை சுமார் 20,000 பேரின் உதவியோடு ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டது. யூடியூபில் 'ஆர்வமில்லை' என்ற பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 விழுக்காட்டையே தடுத்தது. 'பிடிக்கவில்லை' என்பது 12 விழுக்காட்டைத் தடுத்தது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதே அதிகம் பயன்பட்டது. அதுவும் 43 விழுக்காடுதான். ஆய்வு முறையை யூடியூப் ஏற்கவில்லை. ஆயினும், பொத்தானை அழுத்தி ஓய்ந்துபோனவர்களுக்கு அம்முடிவு புதிதாக இருந்திராது.

துயரம் அறியாத ஏடு

2018 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் பெண் பத்திரிகையாளர் ஒருவர் பெரும் இணைய நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அவர் கர்ப்பமுற்றிருந்ததை அறிந்துகொண்ட இயந்திரங்கள், குழந்தையை இழந்ததை அறிந்துகொள்ளவில்லை. தொட்டிலும் குழந்தைச் சட்டையும் கண்முன் வந்துகொண்டேயிருந்தன. 'இந்த விளம்பரம் வேண்டாம், எனக்குப் பொருந்தாது' என்று அவர் குறித்தபோது, பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அது முடிவுகட்டியது. பாலூட்டும் தாய்மார்களுக்கான பொருட்களைக் காட்டத் தொடங்கியது.

சகோதரிகளே! பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குள் நுழையும்போது, பேச்சு அறியாத அண்டை வீட்டாரும்கூடச் செருப்பின் ஓசையை அடக்கிக்கொண்டு நுழைவார்கள். அறிந்தவர், அறிந்த இடத்தில் வாய் மூடுவதும் ஓர் அறிவு. 'எனக்கு உன்னைத் தெரியும்' என்று சொல்லிக்கொள்ளும் எதற்கும் இந்த அறிவு வேண்டும். அது இல்லாதபோது, தெரியும் என்ற சொல்லை நாம் அப்படியே ஏற்கலாகாது.

பட்டியல் சாட்சி ஆகாது

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறோம். அண்மைக் காலத்தில் சில தந்தையர் தம் பிள்ளைகளின் செல்போனை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்கள். 'ஹஜ்ரத், இதில் என்னென்ன வருகிறது பாருங்கள். இவன் கெட்டுப்போய்விட்டான்' என்றார்கள். ஒரு வீட்டில் தந்தை அடித்துவிட்டார்; பதினைந்து நாட்களாக இருவருக்கும் பேச்சில்லை. பொறுமையாக விசாரித்தபோது, அந்தச் செல்போன் நால்வர் கையில் புழங்குவதும், பெருநாள் விடுமுறைக்கு வந்த உறவுப் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. நால்வரின் ஏடு ஒருவன் தலையில் எழுதப்பட்டிருந்தது.

ஒரே கணக்கில் குடும்பமே பார்த்தால் கணிப்பு குழம்பும் என்பதை நிறுவனங்களே அறியும். அதனால்தான் 2013-இல் நெட்பிளிக்ஸ், ஒரே சந்தாவுக்குள் ஆளுக்கொரு தனிப்பக்கம் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் அதிகமாக வரவில்லை.

பரிந்துரைப் பட்டியல் என்பது ஓர் ஊகம். ஒருவர் அதைப் பார்த்தார் என்பதற்கும் அது சாட்சியாகாது. விரும்பினார் என்பதற்கு அறவே ஆகாது. ஊகத்தைக் கொண்டு ஒரு மனிதரின் மீது தீர்ப்பளிப்பதை நம் மார்க்கம் அனுமதிப்பதில்லை. இதைச் சொல்லித் தவறு செய்யும் பிள்ளைக்குத் தப்பும் வழி காட்டுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். கேளுங்கள் என்கிறோம். மளிகைக் கடைக்காரர் சர்க்கரைக்குக் கேட்ட கேள்வியைப் பெற்ற பிள்ளையிடம் நாம் கேட்கக் கூடாதா?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் நம்மைத் தவறாகக் கணிப்பது முதல் கேடு. அந்தத் தவறான கணிப்பை நாமே மெய்யாக்கிவிடுவது அதனினும் பெரிய கேடு. பரிமாறியதைச் சோம்பலில் உண்கிறோம். உண்டதால் விரும்பினோம் என்று எழுதப்படுகிறது. மீண்டும் அதுவே பரிமாறப்படுகிறது. யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் விளைவது என்று அதன் உயர் அதிகாரி ஒருவர் 2018-இல் கூறினார். அப்படியானால், பார்த்தவற்றில் நாம் தேடிப் போனவை எவ்வளவு, நம்மைத் தேடி வந்தவை எவ்வளவு?

செய்யத் தக்கவை

வேண்டியதைப் பெயர் சொல்லித் தேடிப் பாருங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள். தாமாக அடுத்தடுத்து ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஏற்படுத்துங்கள். பார்த்தவற்றின் வரலாற்றை அவ்வப்போது அழியுங்கள். யூடியூபில் அவ்வரலாற்றை அழித்து, சேமிப்பதையும் நிறுத்திவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வராமல் வெறுமையாகிவிடும் ஏற்பாடு 2023 ஆகஸ்டில் வந்தது. அந்த வெறும் பக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்; என்ன வேண்டும் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில், மிகப் பெரிய தளங்கள், ஒருவரைப் பற்றிச் சேர்த்த விவரங்களைக் கொண்டு கணிக்காத ஒரு தெரிவையேனும் அளித்தாக வேண்டும் என்பது சட்டம். அது 2023 ஆகஸ்ட் முதல் அத்தளங்களைக் கட்டுப்படுத்துகிறது. அத்தகைய உரிமையைக் கோருவது நம் நாட்டிலும் நியாயமே.

மனதில் உள்ளதை முற்றும் அறிந்தவன் இறைவன் ஒருவனே. மற்ற எவரும், எதுவும், அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். பெற்றோர் பிள்ளைகளிடமும், கணவன் மனைவியிடமும், அண்டை வீட்டார் ஒருவருக்கொருவரும் கேட்டு அறியும் மஹல்லாவாக இது நீடிக்க வல்ல நாயன் அருள் புரிவானாக!