போட் இல்லாத போட் மெயில்

நான் பொறந்து வளர்ந்தது புதுக்கோட்டை பக்கத்துல திருக்கோகர்ணம். நடுராத்திரிக்கு மேல ஒரு ரயில் போகும். சென்னை எழும்பூர்ல இருந்து ராமேஸ்வரம் போற ரயில். அந்த ஹாரன் கேட்டா அப்பாயி தூக்கத்துலயே, "போட் மெயில் போகுது" என்பார்.

சின்ன வயசுல கேட்டேன், "ரயில்தானே, எங்க அப்பாயி போட்?" பதிலே வராது. இன்னைக்கு அந்த பதிலைத்தான் சொல்லப்போறேன்.

1914-ல பாம்பன் பாலம் திறந்தாங்க. ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போச்சு. ஸ்டேஷன்ல இறங்கினா கப்பல் நிக்கும். அதுல ஏறினா தலைமன்னார், அங்கேயிருந்து இன்னொரு ரயில்ல கொழும்பு. சென்னையிலயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் எடுக்கலாம். கப்பலைப் பிடிக்கிற ரயில், அதனால போட் மெயில்.

அந்த வழியில பணக்காரங்க மட்டும் போகல. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போனதும் அதே வழிதான். மண்டபம் முகாம்ல தங்கவச்சு, நோய் இருக்கான்னு பார்த்து, அப்புறம்தான் கப்பல். அப்பாயி 1938-ல, ஆறு வயசுல, அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படித்தான் போனார்.

இப்போ 1964-க்கு வாங்க. அக்டோபர் 30, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும்னு ரெண்டு அரசும் முடிவு பண்ணினாங்க. யாரு எந்தப் பக்கம்னு அந்த மக்கள்கிட்ட முன்னாடி யாரும் கேட்கல.

ரெண்டு மாசம்கூட ஆகல. டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பன்ல இருந்து கிளம்பின 653-ஆம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் ஏறி வந்து ரயிலையே இழுத்துட்டுப் போயிடுச்சு. அதுல இருந்த நூறு பேருக்கு மேல இறந்துட்டாங்க. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், வீடுகள் எல்லாம் போச்சு. வாழத் தகுதியில்லாத ஊர்னு அரசு அறிவிச்சது. பாலத்தைச் சரிபண்ணிட்டாங்க, ஆனா ரயில் ராமேஸ்வரத்தோட நின்னுடுச்சு.

அனுப்பணும்னு முடிவான மக்கள் வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, ராமேஸ்வரம் கப்பல்ல. 1971-ல அப்பாயி, எட்டு வயசுப் பையனான எங்க அப்பாவோட இறங்கினார். "போன வாசல் இல்ல, வந்த வாசல் வேற"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். 1980-கள்ல போர் வந்ததும் அந்தக் கப்பலும் நின்னுபோச்சு.

போன வருஷம் அப்பாவைக் கூட்டிட்டு தனுஷ்கோடி போனேன். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதால கார்லயே போயிடலாம். இடிஞ்ச சுவர் முன்னாடி நாலு பேர் ரீல்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் போனை எடுத்தேன். அப்பா அந்தச் சுவரைத் தொட்டுட்டு, "எங்கம்மா இங்கதான் ஏறியிருப்பாங்க"ன்னார். போனை உள்ள வச்சுட்டேன்.

மறுபடி தனுஷ்கோடிக்கு ரயில் விட 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. தண்டவாளம் இன்னும் வரல. வரணுமா வேணாமான்னு பேசலாம். அதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: "நீங்க எந்த ஸ்டேஷன்ல ஏறினீங்க?" நான் அப்பாயிகிட்ட சரியா கேட்கல. இப்போ ரயில் போகுது, பதில் சொல்ல அவர் இல்லை.