கை வெறுமை நீங்குக

ஈரல் நோயினின்று பிழைத்து மதுவைத் துறந்த அன்பரொருவர், "உடல் தேறியது, மாலையானால் வெறுமையும் நாணமும் வாட்டுகின்றன" என்று நம்மிடம் கலங்கினார். "அந்நேரம் நந்தவனத்துக்கு நீர் இறையுங்கள்" என்றோம். சில மாலைகளில் அழுதுகொண்டே இறைக்கின்றார். எனினும் தவறாது வருகின்றார்.

திருவதிகையில் சூலை நீங்கிய அப்பரடிகள், கழிந்த காலத்துக்கு இரங்கியதைப் பாட்டாக்கினார். கைகளில் உழவாரம் ஏந்தினார். மனத்துக்குப் பாட்டு, கைக்குத் தொண்டு: இரண்டும் வேண்டும்.

நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது; வலிப்பு வந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

இல்லத்தாரே! பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். இரவில் வந்து அடிவீழ்ந்த தம்பிக்குத் திலகவதியார் திருநீறளித்தார். தாம் அலகிடச் செல்லும் திருக்கோயிலுக்கே உடனழைத்துச் சென்றார். நமக்கும் அதுவே கடன்.

திருச்சிற்றம்பலம்.