இளவரசனுக்கு ஒரு தனி ஆட்டம்



1895-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘அன்னப் பொய்கை’ பாலே புதிய வடிவில் மேடையேறியது. அதில் இளவரசன் சீக்ஃபிரீதாக வந்தவர் பாவெல் கெர்த். அப்போது அவருக்கு வயது ஐம்பது. புகழ்பெற்ற காதல் ஆட்டத்தில் நாயகியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைக்கூட இளவரசனின் தோழன் பங்குபோட்டுக்கொண்டான். நாயகன் நிமிர்ந்து நின்றான், கைவீசிப் பாவனை காட்டினான். உண்மையான ஆட்டமெல்லாம் அன்னப் பெண்ணுக்குத்தான்.

அந்த இளவரசனை மாற்றியவர் ருடால்ஃப் நூரியேவ்.

1938-ல், சைபீரியாவில் ஓடிக்கொண்டிருந்த ரயிலில் பிறந்தவர் அவர். ஊஃபா நகரில் வறுமையில் வளர்ந்தார். கையில் ஒரே ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு, தாய் ஃபரீதா தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டத்தோடு கூட்டமாக அரங்குக்குள் நுழைத்துவிட்ட இரவில்தான் சிறுவன் முதன்முதலாக பாலே பார்த்தான். செம்படையில் இருந்த தந்தைக்கோ ஆண்பிள்ளை ஆடுவது அறவே பிடிக்கவில்லை. லெனின்கிராட் நடனப் பள்ளியில் சேரும்போது நூரியேவுக்கு 17 வயது. பத்து வயதில் தொடங்கவேண்டிய படிப்பு அது. அலெக்சாண்டர் புஷ்கின் (கவிஞர் அல்ல, அதே பெயர்கொண்ட நடன ஆசான்) அவரை மூன்றே ஆண்டுகளில் ஆளாக்கினார். 1958-ல் கீரோவ் பாலே குழுவில் இடம். 1961 ஜூன் 16 அன்று பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் நாட்டுக்குத் திரும்ப மறுத்து அடைக்கலம் கேட்டார்.

லண்டனில் ‘அன்னப் பொய்கை’ ஆட வந்தவர், முதல் அங்கத்தின் முடிவில் இளவரசனுக்கு ஒரு தனி ஆட்டத்தைச் சேர்த்தார். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. முதல் அங்கத்துக்கென்று இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி எழுதிய மெதுவான இசையையே எடுத்துக்கொண்டார். விருந்து முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இளவரசன் தனியே நிற்கிறான். கைதட்டல் வாங்கும் தாவல்கள் இல்லை. ஒரு கால் மெல்லப் பின்னால் எழுகிறது, உடல் நிதானமாகத் திரும்புகிறது, அடுத்த அடிக்கு முன் ஒரு தயக்கம். அவ்வளவுதான். ஆனால் இவன் ஏன் நள்ளிரவில் அன்னப் பெண்ணைச் சந்திக்கும் ஏரிக்கரைக்குப் போகிறான் என்பது அந்தச் சில நிமிடங்களில் புரிந்துவிடுகிறது.

மரபில் கைவைக்கிறார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் அசரவில்லை. 1964 அக்டோபர் 15 அன்று வியன்னாவில், முழு நாடகத்தையும் இளவரசனைச் சுற்றியே அமைத்துத் தானே ஆடினார். ஜோடி மார்கோட் ஃபான்டைன், அவரைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். அந்த வியன்னா அரங்கேற்றத்தில் திரை 89 முறை உயர்ந்து இறங்கியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. 1984-ல் பாரிஸில் இன்னும் ஒரு படி போனார்: கதை முழுவதுமே இளவரசன் காணும் கனவு.

அவர் அமைத்த ஆட்டங்களில் அடவுகளின் நெரிசல் அதிகம் என்பது நியாயமான குறைதான். ஆனால் பழைய வடிவத்தை உடலால் முழுதாகக் கற்றவர் செய்த மாற்றம் அது. அதனால்தான் 1993-ல் அவர் மறைந்த பிறகும் பாரிஸ் ஓப்பரா அதே வடிவத்தைத் தொடர்ந்து ஆடிவருகிறது.

வியன்னா ஆட்டம் 1966-ல் படமாக்கப்பட்டது. ஒரு மாலை அதைத் தேடிப் பாருங்கள். அன்னங்கள் வருவதற்கு முன்பே, இளவரசன் தனியே நிற்கும் இடத்தில் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.